பாதி வண்டி

எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஒருவர் "லாரி எடுத்தாச்சு" என்று சொன்னால், அவர் எடுத்திருப்பது பாதி வண்டிதான். முன்னால் ஒரு கேபின், பின்னால் நீளமாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். அவற்றின் நடுவே கியர்பாக்ஸ், ஜாயின்ட் சாப்டு, ஹவுசிங், டீசல் டேங்க் எல்லாம் வெட்டவெளியில் தெரியும். சரக்கு ஏற்றும் பாடி இருக்காது. சேசிஸை ஓட்டி வந்து பட்டறையில் விட்டு, நமக்கு வேண்டிய நீளத்துக்கும் உயரத்துக்கும் பாடி கட்டிக்கொள்ள வேண்டும். ஷோரூமிலிருந்து பட்டறைக்கு வருகிற அன்றைக்கு அந்த வண்டியைப் பார்த்தால் சட்டை போட மறந்து தெருவுக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி இருக்கும்.

2021இல் நானும் என் மச்சானும் கூட்டாக ஒரு 12 சக்கர வண்டி எடுத்தோம். பாடி, இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் சேர்த்து 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி பைனான்ஸ். அப்பா அதற்கு முன் வைத்திருந்ததெல்லாம் பழைய வண்டிகள். கைமாறி வந்தவை. எங்கள் வீட்டு வாசலில் முதல் பதிவுப் புத்தகத்தோடு ஒரு லாரி நின்றது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் புது வண்டி எடுப்பது என்றாலே புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி பிஎஸ்6 தான். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்4 வந்தது. அடுத்து பிஎஸ்5 வரவேண்டியது. அதைத் தாண்டி 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பிஎஸ்6 என்று அரசு முடிவெடுத்தது. அந்தத் தேதிக்குப் பிறகு பிஎஸ்4 வண்டி விற்கக் கூடாது என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் 2020 மார்ச்சுக்குள் பிஎஸ்4 வண்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். "புதுசு வந்தா சென்சார் தொல்லை" என்பது லாரி ஆபீஸ் பெஞ்சுகளில் அன்றைக்குப் பொதுவாக இருந்த பேச்சு. அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் பிஎஸ்6 வண்டியின் கதவைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

மாற்றம் சின்னதில்லை என்பது சேசிஸின் பக்கவாட்டைப் பார்த்தாலே தெரியும். பழைய வண்டியில் சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது பீப்பாய் மாதிரி ஒரு பெரிய பெட்டி. அதற்குள் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. அதன் பிறகு நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கொல்லும் வினையூக்கி அறை. டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று. அதில் ஊற்றுவதை எல்லோரும் ஆட்ப்ளூ என்கிறார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். அந்தக் கரைசலை எஞ்சின் புகையில் பீய்ச்சி அடித்தால், சூட்டில் அது அம்மோனியாவாகப் பிரிந்து, நச்சு வாயுவைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். பெரிய வண்டி எஞ்சின் ஒரு கிலோவாட் மணி நேரத்துக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்பது பிஎஸ்4 கணக்கு. பிஎஸ்6இல் அது அரை கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. இந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் புகைப் பாதையில் அந்த வாயுவை அளக்கும் இரண்டு நாக்ஸ் சென்சார்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எங்கள் கதை அந்தப் பின்னால் இருக்கும் சென்சாரைச் சுற்றியதுதான். அது தெரிய எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பட்டறையில் வேலை நன்றாகவே நடந்தது. இரும்பு கிராஸ் அடித்து, பலகை போட்டு, பக்கக் கதவு தொங்கவிட்டு, மட்கார்டு, கயிறு கட்டும் கொக்கி, டூல் பாக்ஸ், தண்ணீர் கேன் வைக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக ஏறியது. மேஸ்திரி நிதானமான ஆள். பிஎஸ்6 வந்ததிலிருந்து ஒரு விஷயத்தில் மட்டும் கறார். வெல்டிங் ராடு கையில் எடுக்கும் முன் பேட்டரி வயரையும் கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்கையும் கழற்றியாக வேண்டும். யாரோ ஒருவருடைய வண்டியில் அதைச் செய்யாமல் வெல்டிங் வைத்து, பெட்டி கருகி, அந்தப் பஞ்சாயத்து பட்டறை வாசலிலேயே நடந்ததாம். சேசிஸ் கம்பெனிகள் பாடி கட்டுகிறவர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிடுகின்றன. எந்த இடத்தில் துளை போடலாம், வயர்களிலிருந்து எவ்வளவு தள்ளி ஆங்கிள் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். இங்கிலீஷில் இருந்த அந்தக் கையேடு ஆபீஸ் மேஜைமேல் கிடந்தது. பெட்டி கருகிய கதை அளவுக்கு அது யாருக்கும் பாடம் சொல்லவில்லை.

ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் டயரை ஏற்றி எடுத்து, ராசிபுரம் பக்கத்தில் ஒரு சேகோ ஃபேக்டரியில் ஜவ்வரிசி லோடு ஏற்றினோம். புனேக்கு. மகாராஷ்டிரத்தில் ஏகாதசி, நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி கிச்சடிதான் சாப்பாடு என்பதால் அந்த ரூட்டில் எங்கள் ஊர் மூட்டைக்கு எப்போதும் ஆள் உண்டு. டிரைவர் எனக்குச் சித்தப்பா முறை. அப்பாவின் வண்டியிலேயே ஓட்டியவர். முதல் நடை என்பதால் நானும் கூடப் போனேன்.

சேலம் தாண்டி, ஓமலூர் தாண்டி, தொப்பூர் கணவாயில் ஏற ஆரம்பித்தபோது டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு.

"கண்ணு, இந்த மஞ்ச வெளக்கு என்னான்னு பாரு" என்றார் சித்தப்பா. காலை எடுக்கவில்லை. வண்டி நன்றாகத்தான் இழுத்தது. சூடு முள் நடுவில், ஆயில் பிரஷர் சரி, ஏர் சரி. பழைய வண்டியாக இருந்தால் அத்துடன் விட்டிருப்போம். பழைய வண்டியில் இந்த விளக்கே கிடையாது.

ஓசூரில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குள் விட்டோம். லேப்டாப்போடு ஒரு பையன் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் வயரைச் செருகினான். திரையில் எண்கள் ஓடின. அவன் இறங்கி வந்து கேட்ட முதல் கேள்வி: "ஆட்ப்ளூ எங்க ஊத்துனீங்க?"

கேள்வியின் தொனி எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. டீசல் விலைக்குப் பயந்தவர்கள் ஆட்ப்ளூவிலாவது மிச்சம் பிடிக்கலாம் என்று ரோட்டோரக் கேன்களில் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்த காலம் அது. வயலுக்குப் போடும் யூரியாவை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பார்த்தவர்களையும் எனக்குத் தெரியும். 2015லிருந்து நம் நாட்டில் உர யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, அது வேறு வேலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போகக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த எண்ணெயும் குழாய்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால் பீய்ச்சுகிற ஊசித் துளை அடைபடும், வினையூக்கி கெடும். கெட்ட பிறகு மாற்றுகிற செலவில் பல வருஷத்து ஆட்ப்ளூ வாங்கலாம்.

நாங்கள் ஊற்றியது கம்பெனி கேன். பையன் நீல டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, டார்ச் லைட் மாதிரி இருந்த ஒரு சின்னக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். எனக்கும் காட்டினான். உள்ளே அளவுகோல் தெரிந்தது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே இருந்த கோடு சரியாக 32.5 பக்கத்தில் நின்றது. கரைசலில் குறையில்லை. "அழிச்சு விட்டுட்டேன், இனி வராதுங்க" என்று சொல்லி ஜாப் கார்டில் இரண்டு எண்களை எழுதிக் கையில் கொடுத்தான். விளக்கு அணைந்திருந்தது. அந்தக் காகிதத்தை ஆர்சி புத்தகத்தோடு மடித்து வைத்தேன்.

தும்கூர் தாண்டி மறுபடி எரிந்தது.

அந்த நடை முழுக்க அப்படித்தான். எரியும், தானாக அணையும். சித்ரதுர்கா பக்கம் ஒரு தாபாவில் இரவு நிறுத்தியிருந்தபோது இன்னொரு விளக்கு வந்தது. அது கரி வடிகட்டி நிறைந்ததற்கானது. போனில் கேட்டதற்கு, காய்ந்த புல் இல்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் இருக்கும் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். அழுத்தியதும் யாரும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமி ரேஸ் ஏறியது. புகைக்குழாய் வாயில் கை வைக்க முடியாத அனல். உள்ளே 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் கரியை எரித்துத் தீர்க்கிறது அது. சித்தப்பா பத்தடி தள்ளி நின்று பார்த்தார். "ஆளே இல்லாம தானா ரேஸ் ஏறுது பாரு" என்றவர், அது முடிகிற வரைக்கும் கேபினுக்குள் ஏறவில்லை. இது கோளாறு இல்லை, வண்டி செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் புது வண்டியில் எது கோளாறு, எது வேலை என்று பிரித்துப் பார்க்கிற அறிவு எங்கள் யாரிடமும் அப்போது இல்லை. எல்லா விளக்கும் ஒரே மாதிரிதான் பயமுறுத்தியது.

ஊர் திரும்பியதும் அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். அவருக்குத் தெரிந்த கோளாறுகளும் இருக்கத்தான் இருந்தன. முதல் லோடு இறங்கியதும் பட்டையைப் பிடிக்கும் யு போல்ட்டுகள் இளகியிருந்தன. எந்தப் புது வண்டியிலும் அப்படித்தான், இறுக்கிவிட வேண்டும். பின் ஆக்சிலில் ஒரு ஏர் ஓஸ் முனையில் லேசாகச் சீறல். சோப்புத் தண்ணீர் ஊற்றி, குமிழ் வருகிற இடத்தைப் பார்த்து, நட்டைக் கால் சுற்று திருப்பினார், நின்றுவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அப்பாவுக்கு நல்ல உற்சாகம். மஞ்சள் விளக்கைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது. "அது பொட்டிக் கோளாறு, நமக்கு ஆவாது" என்றார்.

அப்பா காலத்தில் எல்லாக் கோளாறையும் ரோட்டிலேயே சரிசெய்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. திருப்புளியை எஞ்சின்மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்து எந்த சிலிண்டர் அடிக்கிறது என்று சொன்ன மெக்கானிக்குகள் இருந்தார்கள், உண்மை. ஆனால் பம்பு, நாசில் என்று வந்துவிட்டால் அப்பாவும் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பம்பு கடை வாசலில் காத்துக்கிடந்தவர்தான். ஏசி போட்ட கண்ணாடி அறைக்குள் மிஷினில் வைத்து அளவு பார்ப்பார்கள். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அவர்கள் சொன்னதுதான் அளவு, கேட்டதுதான் காசு. பெட்டி அப்போதும் இருந்தது, உருவம்தான் வேறு.

எங்கள் மாவட்டத்து சர்வீஸ் சென்டரில் மறுபடி லேப்டாப். ஓசூரில் வந்த அதே எண்கள். பின் நாக்ஸ் சென்சார் பழுது என்று சொல்லி வாரண்டியில் புதிது போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வாங்கினால் ஒரு டயர் விலைக்குப் பக்கத்தில் வரும் பொருள், காசில்லாமல் வந்ததில் மச்சானுக்கு மகிழ்ச்சி. விளக்கு எரியவில்லை. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம், எரியவில்லை. வெறும் வண்டி என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை, சர்வீஸ்காரர்கள் உட்பட.

அடுத்த நடை போகும்போது சித்தப்பா மட்டும்தான் போவதாக இருந்தது. ஏதோ தோன்றி நானும் ஏறிக்கொண்டேன். தொப்பூரில் எரிந்தது. இந்தத் தடவை இருவரும் ஒன்றும் பேசவில்லை. புனேயில் ஜவ்வரிசியை இறக்கிவிட்டு, சாகண் மார்க்கெட்டில் திருச்சி மண்டிக்குப் பெரிய வெங்காயம் ஏற்றினோம். வெங்காய லோடு என்றால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தார்ப்பாயை முழுக்க மூடவும் முடியாது, திறந்துவிடவும் முடியாது. அடி மூட்டை வேர்த்தால் முளை கட்டும், அழுகும்.

புனேயிலிருந்து தெற்கே வரும்போது சாத்தாராவுக்கு முன் கம்பாட்கி காட் என்கிற கணவாய் இருக்கிறது. அதில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. சத்தம் மாறவில்லை, நடுங்கவில்லை, புகை இல்லை. இழுவையை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சித்தப்பா கியரைக் குறைத்துக்கொண்டே வந்தார். பின்னால் ஹாரன் சத்தம். நடந்து போகிறவன் முந்திவிடுவான் என்கிற வேகத்தில் ஏறி, இடம் கிடைத்ததும் ஓரம் கட்டினோம்.

இது கோளாறால் வரும் தளர்ச்சி இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சட்டம் அப்படி. ஆட்ப்ளூ தீர்ந்தாலோ, அதைக் கண்காணிக்கும் சென்சார் பேசாமல் போனாலோ, முதலில் விளக்கு எரியும். உள்ளே மணிக்கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் சரிசெய்யாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டி தானே எஞ்சினின் இழுவையைக் குறைக்கும். அப்போதும் கண்டுகொள்ளாவிட்டால் வண்டியை ஊர்ந்து போகும் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். நச்சுப் புகையோடு ஓடாதே என்பதற்கான ஏற்பாடு. நோக்கத்தில் எனக்கு வழக்கில்லை. சேலம் பைபாஸில் பழைய லாரிக்குப் பின்னால் டூவீலரில் போய் மூக்கைத் துடைத்துப் பார்த்தவன் நான். ஆனால் அந்தக் கணவாயில், 20 டன்னுக்கு மேல் வெங்காயத்தோடு நின்றபோது இந்த நியாயமெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

கம்பெனியின் அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, வெகுநேரம் கழித்து, சாத்தாரா பக்கத்திலிருந்து பைக்கில் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். முதுகில் லேப்டாப் பை, கையில் ஒரு டூல் பெட்டி. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் நடந்ததைச் சொல்லி, பழைய ஜாப் கார்டு இரண்டையும் நீட்டினேன். அவன் லேப்டாப்பைத் திறக்கவில்லை. முதலில் காகிதத்தைப் பார்த்தான். "சென்சாரை ஏன் மாற்றினார்கள்?" என்று கேட்டான்.

காகிதத்தில் இருந்தவை 3226, 9. எந்த லாரிக் கோளாறும் இப்படி இரண்டு எண்களாகத்தான் வரும் என்று விளக்கினான். முதல் எண் எந்த உறுப்பு என்று சொல்லும். 3226 என்றால் பின் நாக்ஸ் சென்சார். இரண்டாவது எண் அந்த உறுப்புக்கு என்ன நேர்ந்தது என்பது. 3 வந்தால் மின்னழுத்தம் அதிகம், 4 வந்தால் குறைவு, 5 வந்தால் வயர் தொடர்பு இல்லை. 9 வந்தால் அந்த உறுப்பிடமிருந்து செய்தியே வரவில்லை. நாக்ஸ் சென்சார் வெறும் சென்சார் இல்லை, அதற்கென்று தனியாக ஒரு குட்டிப் பெட்டி உண்டு. அது அளந்ததை வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வயர் வழியாக ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சென்சார் கெட்டிருந்தால் தப்பான செய்தி வரும். இங்கே செய்தியே நின்றுபோயிருக்கிறது. அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது சென்சாரை அல்ல, வழியை.

பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தான். எஞ்சினை ஓடவிட்டு, பின் சென்சாரின் அளவு திரையில் எண்ணாக ஓடும்படி வைத்துவிட்டு என்னைத் திரைக்கு முன் உட்காரச் சொன்னான். "எண் மறைந்தால் கத்து" என்றான். வண்டிக்கு அடியில் புகுந்து, சேசிஸ் சட்டத்தை ஒட்டிப் போகும் வயர்க் கட்டைச் சென்சார் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே முன்னால் வந்தான். எண் ஓடிக்கொண்டிருந்தது. கண் வலிக்கும் வரை பார்த்தேன். பின் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டு பக்கம் அவன் கை வந்தபோது எண் போய் வெறும் கோடுகள் வந்தன. கத்தினேன். விட்டான், எண் வந்தது. ஆட்டினான், போனது.

என்னையும் உள்ளே வரச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினான். மட்கார்டைத் தாங்க பட்டறையில் வைத்த ஆங்கிளின் முனை சட்டத்தின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய இடத்தை அரம் போட்டுத் தேய்க்கவில்லை. பிசிறு பிசிறாக, பெயின்டுக்கு உள்ளேயும் கூராக இருந்தது. அந்த ஆங்கிளுக்கு இடம் விடுவதற்காக வயர்க் கட்டை அதன் கிளிப்பிலிருந்து கழற்றி ஒரு விரல் அளவு நகர்த்தி, வெறும் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வயர் மேல் இருந்த கறுப்புச் சுருள் குழாய் அந்த இடத்தில் தேய்ந்து வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு வயரின் உறை போய், செம்பு இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து நின்றன. மீதி இரண்டு மூன்று இழைகள் தொட்டும் தொடாமலும். வெறும் வண்டியில் தொட்டுக்கொண்டிருக்கும். லோடு ஏறி, ஏற்றத்தில் சட்டம் முறுக்கும்போது விலகும். தொப்பூருக்கும் கம்பாட்கிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது. சமதளத்து சர்வீஸ் சென்டர் தரையில் எப்படிக் காட்டும்?

ஆங்கிள் முனையை அரம் போட்டு மழுக்கி, வயரைச் சீவி இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, மேலே ஒரு துண்டு ரப்பர் ஓஸைப் பிளந்து சுற்றி, பழைய கிளிப்பிலேயே மாட்டினான். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பழுதை அழித்ததும் வண்டி பழையபடி இழுத்தது. சித்தப்பா அவனுக்குத் தனியாகக் காசு கொடுத்துப் பார்த்தார். வாங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு கிலோ வெங்காயம் எடுத்துக்கொண்டான்.

திருச்சி மண்டியில் அடி வரிசை மூட்டைகளைப் பிரித்துக் காட்டி, வாடகையில் கழித்துக்கொண்டார்கள். அந்த மாத டியூவுக்கு மச்சான் வேறு இடத்தில் புரட்டினார்.

பிறகு யார் பொறுப்பு என்ற பேச்சு. நான் எடுத்த போட்டோவை எல்லோரிடமும் காட்டினேன். கம்பெனித் தரப்பில், பாடி கட்டும்போது நடந்ததற்கு வாரண்டியில் இடமில்லை, கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறோம் என்றார்கள். எழுதித்தான் இருந்தது. சர்வீஸ் சென்டரில், திரையில் சென்சார் என்று வந்தது, சென்சாரை மாற்றினோம் என்றார்கள். வந்ததும் உண்மை, மாற்றியதும் உண்மை. பட்டறை மேஸ்திரி போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏனுங்க, மட்கார்டு வைக்கிற எடத்துலயா கம்பெனிக்காரன் வயர கொண்டுபோவான்? எங்க வெச்சாலும் அங்க ஒரு வயர் போகுது. முன்னெல்லாம் டெயில் லைட்டுக்கு ஒரு வயர் போகும், அவ்வளவுதான்" என்றார். அதுவும் பொய்யில்லை. மூன்று பேரும் உண்மையைச் சொல்லி, மூன்று உண்மைக்கும் நடுவே வெங்காயம் அழுகிய கணக்கு எங்கள் பெயரில் நின்றது. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

சேசிஸ் செய்கிறவனுக்கு வண்டி ஃபேக்டரி கேட்டில் முடிந்துவிடுகிறது. பாடி கட்டுகிறவனுக்கு அது பட்டறைக்குள் நுழையும்போதுதான் ஆரம்பிக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. வயர் இரண்டு மூன்று மட்டும் ஓடிய காலத்தில் இந்த இடைவெளியால் பெரிய கேடில்லை. இப்போது வண்டியின் பின்கோடி வரை நரம்பு மாதிரி வயர் போகிறது. ஆனால் தொழில் நடக்கும் முறை பழையபடியே இருக்கிறது. புது வண்டியில் வரும் முதல் வருஷத்துக் கோளாறுகளில் பாதி இந்த ஒட்டுப்போட்ட இடத்தில்தான் கிடக்கின்றன என்பது என் கணிப்பு. லாரிக்காரர்கள் சென்சாரைத் திட்டுகிறார்கள். சென்சார் பாவம், அது பேசத்தான் பார்த்தது.

அந்த நாட்களில் எனக்கு வந்த யோசனைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் ஒரு குட்டிப் பெட்டியைக் காட்டினார். அதை மாட்டினால் ஆட்ப்ளூ சரியாகப் போகிறது, எல்லாம் நலம் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். விளக்கும் வராது, ஆட்ப்ளூ செலவும் கிடையாது. சட்டவிரோதம். அதைவிட, வாரண்டி போய்விடும், எஃப்சியில் மாட்டினால் தொல்லை. மச்சானுக்கு ஒரு நாள் பூராவும் சபலம் இருந்தது. அப்பாதான் மறுத்தார். காரணமாக அவர் சொன்னது சட்டத்தை அல்ல. "நெசத்தச் சொல்றப்பவே அதுங்கிட்ட நம்மால பேச முடியல, பொய்யும் சொல்ல வெச்சீங்கன்னா அப்பறம் எதை நம்பி வண்டிய எடுப்பீங்க?" என்றார்.

இப்போது நானும் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறேன். போனோடு இணைத்தால் இரண்டு எண்களையும் காட்டும். ஊரில் யாருக்காவது மஞ்சள் விளக்கு வந்தால் போன் வரும். இரண்டாவது எண்ணைத்தான் முதலில் கேட்பேன்.

போன வருஷம் இன்னொரு சேசிஸ் எடுத்தபோது அதே பட்டறைக்குத்தான் கொண்டுபோனோம். இந்தத் தடவை மேஸ்திரி தானாகவே வண்டிக்கு அடியில் டார்ச்சோடு போய், வயர் ஓடும் வழி முழுக்கச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமே ஆங்கிள் வைத்தார். வெட்டு முனைகளுக்கெல்லாம் ரப்பர் மாட்டினார். நான் எடுத்த போட்டோ அவர் போனில் இருக்கிறது, புது ஆட்களுக்குக் காட்டுகிறாராம். எஸ்டிமேட் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பலகை, கிராஸ், பெயின்டிங் எல்லாவற்றுக்கும் கீழே புதிதாக ஒரு வரி: "வயர் பந்தோபஸ்து – தனி." பக்கத்தில் ஒரு தொகை. அது என் வெங்காயத்தில் கற்றுக்கொண்ட வேலையாயிற்றே, எனக்கே பில் போடுகிறீர்களா என்று கேட்டேன். "ரப்பர் என்னுங்க சும்மாவா வருது?" என்றார். பாதிக்குப் பேசி முடித்தோம்.